மருந்துக்கு அடங்காத குடல் கிருமிகளை நல்ல நுண்ணுயிர்களைக் கொண்டு எதிர்கொள்வது எப்படி: தில்லித் தமிழருக்கு ஒரு வழிகாட்டி

சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் அறிக்கையிலோ, பெரிய அறுவை சிகிச்சைக்கு முன் எடுக்கும் மல மாதிரி அறிக்கையிலோ "ஈ.எஸ்.பி.எல். ஈ. கோலை" என்றோ "கார்பாபெனம் எதிர்ப்புள்ள கிளெப்சியெல்லா" என்றோ ஒரு வரி இருந்துவிட்டால், வீட்டில் உடனே இரண்டு கேள்விகள் எழும். இதைக் கொல்ல இன்னும் வலுவான ஆன்டிபயாடிக் எது என்பது ஒன்று. எந்தப் புரோபயாடிக் கேப்ஸ்யூல், அதாவது உயிருள்ள நல்ல நுண்ணுயிர்கள் அடங்கிய கேப்ஸ்யூல், வாங்கலாம் என்பது மற்றொன்று. பெரும்பாலான வீடுகளில் இந்த இரண்டு கேள்விகளுக்கும் முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி விடுபட்டுப் போகிறது: குடலில் ஏற்கெனவே வாழும் நல்ல நுண்ணுயிர்கள் இந்தக் கிருமியைத் தாமே வெளியேற்றும் திறன் உடையவை என்றால், அவற்றின் வேலையை நாம் எப்படிக் கெடுக்காமல் இருப்பது, எப்படி ஊக்குவிப்பது? இந்த வழிகாட்டி அதைப் பற்றியது. மருத்துவரிடம் செல்வதற்கு மாற்றாக இதைக் கொள்ள வேண்டாம். அவரிடம் சரியான கேள்விகளோடு செல்வதற்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

அறிக்கையை முதலில் சரியாகப் படியுங்கள்

ஈ.எஸ்.பி.எல். என்பது கிருமியின் பெயரன்று. பென்சிலின் வகை மருந்துகளையும், செஃபிக்ஸிம், செஃப்ட்ரியாக்சோன் போன்ற மருந்துகளையும் உடைத்துப் போடும் நொதிகளின் பொதுப் பெயர். அந்த நொதியைத் தயாரிக்கக் கற்றுக்கொண்ட ஈ. கோலை, கிளெப்சியெல்லா பாக்டீரியாக்கள் குடலில் சத்தமின்றி இருக்கக்கூடியவை. கார்பாபெனம் என்பது, இவற்றுக்குப் பிற மருந்துகள் பலிக்காதபோது கொடுக்கும் வலுவான ஆன்டிபயாடிக் வகை. குடலில் கிருமி தங்கியிருப்பது வேறு, அந்தக் கிருமியால் நோய் உண்டாவது வேறு என்பதை மனத்தில் பதித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மல மாதிரியில் மட்டும் கிருமி தென்பட்டு, காய்ச்சலோ வலியோ இல்லாத ஒருவருக்கு அதை ஒழிப்பதற்கென்று ஆன்டிபயாடிக் கொடுப்பதை ஐரோப்பிய நுண்ணுயிரியல் மருத்துவ அமைப்பு 2019-இல் வெளியிட்ட நெறிமுறை வழக்கமான நடைமுறையாகப் பரிந்துரைக்கவில்லை. சிறுநீரில் கிருமி இருந்து, எரிச்சலோ காய்ச்சலோ இல்லாதபோதும் பொதுவாக மருந்து தேவைப்படுவதில்லை. கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் அறுவை சிகிச்சை செய்துகொள்ளப் போகிறவர்களும் இதற்கு முக்கியமான விதிவிலக்குகள். மாறாக, குளிர் காய்ச்சல், விலா எலும்புக்குக் கீழே முதுகுப் பக்கம் வலி, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், முதியவர்களுக்குத் திடீர் மனக்குழப்பம் ஆகியவை இருந்தால் அது நோய். அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தில்லியில் வாழ்பவர்கள் இந்த அறிக்கையைக் கண்டு வெட்கப்படுவதற்கோ, வீட்டில் ஒருவரை ஒதுக்கி வைப்பதற்கோ காரணமில்லை. புதுதில்லிக்கு வந்துபோன ஒரு ஸ்வீடன் நாட்டு நோயாளியிடம் 2008-இல் கண்டறியப்பட்ட, கார்பாபெனத்தையும் உடைக்கும் நொதிக்கு என்.டி.எம்.-1 என்று இந்த நகரத்தின் பெயரையே வைத்தார்கள். அந்தப் பெயர் சூட்டலால் எழுந்த சர்ச்சை பலருக்கு நினைவிருக்கும். சர்ச்சை ஒருபுறமிருக்க, 2011-இல் வெளியான ஆய்வில் தில்லியின் தெருக்களில் தேங்கியும் கசிந்தும் கிடந்த நீரின் 171 மாதிரிகளில் 51-இலும், குழாய் நீரின் 50 மாதிரிகளில் 2-இலும் அந்த நொதிக்கான மரபணு இருந்தது. மருத்துவமனைக்கே போகாதவர் குடலிலும் இத்தகைய கிருமி இருக்க வாய்ப்புண்டு என்று பொருள்.

உள்ளே நடப்பது என்ன

ஒரு மனித உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்வதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் இருக்கின்றன. ஜன்னல் ஓரம் முதல் கதவு வரை ஆள் நிறைந்த முன்பதிவில்லாப் பெட்டியில் நடு ஸ்டேஷனில் ஏறுபவருக்குக் கால் வைக்க இடம் கிடைக்காததைப் போல, இந்தக் கூட்டம் அடர்த்தியாக இருக்கும் வரை புதிதாக வரும் கிருமி குடலில் பெருகுவது கடினம். ஆனால் இடநெருக்கடி மட்டுமே காரணமன்று. நல்ல நுண்ணுயிர்கள் செய்யும் வேலைகள் அதைவிட நுணுக்கமானவை, அவற்றைத் தெரிந்துகொண்டால்தான் பின்னால் சொல்லப்போகும் உணவு ஆலோசனைகள் ஏன் என்று விளங்கும்.

நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்து அசிட்டேட், புரோபியோனேட், பியூட்டிரேட் என்னும் சிறு கொழுப்பு அமிலங்களைத் தயாரிக்கின்றன. பியூட்டிரேட்டைத்தான் பெருங்குடலின் உள்சுவர் செல்கள் முக்கிய எரிபொருளாகக் கொள்கின்றன. அதை எரிக்கும்போது ஆக்சிஜனையும் செலவழித்துவிடுவதால் குடலின் உட்பகுதியில் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லாமல் போகிறது. ஈ. கோலை, கிளெப்சியெல்லா, சால்மொனெல்லா ஆகியவை ஆக்சிஜன் இருந்தால் வேகமாகப் பெருகும் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆன்டிபயாடிக் எடுத்து பியூட்டிரேட் தயாரிக்கும் நுண்ணுயிர்கள் மடியும்போது உள்சுவர் செல்கள் ஆக்சிஜனைச் செலவழிப்பதைக் குறைத்துக்கொள்கின்றன. மிச்சப்படும் ஆக்சிஜன் குடலுக்குள் கசிய, மருந்துக்குத் தப்பிய கெட்ட கிருமிகளுக்கு அதுவே விருந்தாகிவிடுகிறது. மருந்து முடிந்த சில நாட்களில் வயிறு கெட்டுப்போவதற்கும், எதிர்ப்புள்ள கிருமி திடீரெனப் பெருகுவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

இதைத் தவிர வேறு ஆயுதங்களும் உண்டு. கல்லீரலிலிருந்து வரும் பித்த அமிலங்களைச் சில நுண்ணுயிர்கள் வேறு வடிவத்துக்கு மாற்றுகின்றன. அந்த வடிவம் குளோஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்னும் கிருமியை, அதாவது ஆன்டிபயாடிக்குக்குப் பின் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமியை, வளர விடாது. நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில், பிளௌட்டியா புரொடக்டா என்னும் குடல்வாழ் பாக்டீரியாவின் ஒரு வகை தானே ஒரு கிருமிக்கொல்லிப் பொருளைச் சுரந்து, வான்கோமைசின் என்னும் ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத என்டரோகாக்கஸ் கிருமியை எலிகளின் குடலில் அடக்குவதைக் கண்டறிந்தார்கள். ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்யா ஹோண்டாவின் குழு 2024-இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான மனிதரின் மலத்திலிருந்து பிரித்தெடுத்த 18 பாக்டீரியாக்கள் சேர்ந்த ஒரு கூட்டம், எலிகளின் குடலில் குளுக்கோனேட் என்னும் சர்க்கரைப் பொருளை முந்திக்கொண்டு தின்றுவிட்டு கிளெப்சியெல்லாவைப் பட்டினி போட்டது. இங்கே கவனிக்க வேண்டியது 18 என்ற எண்ணிக்கைதான்: ஒரே ஒரு நல்ல பாக்டீரியாவால் ஆகாத காரியம் கூட்டத்தால் ஆகிறது.

கெமிஸ்ட் கடைக்குப் போவதற்கு முன்

எனவே முதல் வேலை, இருக்கும் கூட்டத்தைக் காரணமின்றி அழிக்காமல் இருப்பது. தில்லியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை லூஸ் மோஷன் வராத வீடு அரிது. மயூர் விஹாரானாலும் கரோல் பாக் ஆனாலும் ஆர்.கே. புரமானாலும், தெருமுனைக் கெமிஸ்டிடம் "பாயிசாப், லூஸ் மோஷனுக்கு ஏதாவது" என்று கேட்டால் ஆஃப்லாக்சசின், ஆர்னிடசோல் என்னும் இரு கிருமிக்கொல்லிகள் சேர்ந்த மாத்திரை கைக்கு வந்துவிடுவது வழக்கமாகிப்போயிருக்கிறது. அட்டையைத் திருப்பிப் பாருங்கள். செங்குத்தான சிவப்புக் கோடு இருந்தால் மருத்துவர் சீட்டு இல்லாமல் அதை வாங்கக்கூடாது என்று மத்திய அரசு 2016-இல் விளம்பர இயக்கமே நடத்தியது. செஃபிக்ஸிம் போன்ற வலுவான மருந்துகள் 2014 முதல் எச்-1 என்னும் கூடுதல் கட்டுப்பாடுள்ள மருந்துகளின் அட்டவணையில் இருக்கின்றன. அவற்றை விற்கும் கடைக்காரர் மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் எழுதி மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும். கடைக்காரர் எழுதாமல் கொடுத்தால் அது நமக்குச் செய்யும் சலுகையன்று.

இதன் விளைவை அளந்து பார்த்திருக்கிறார்கள். வெளிநாடு சென்று திரும்பிய 430 ஃபின்லாந்துப் பயணிகளை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட முடிவின்படி, வயிற்றுப்போக்கே வராதவர்களில் 11 சதவீதத்தினரும், வயிற்றுப்போக்கு வந்தும் ஆன்டிபயாடிக் எடுக்காதவர்களில் 21 சதவீதத்தினரும், எடுத்தவர்களில் 37 சதவீதத்தினரும் ஈ.எஸ்.பி.எல். கிருமியைக் குடலில் சுமந்து திரும்பினார்கள். நெதர்லாந்தில் ஏறத்தாழ 2,000 பயணிகளைத் தொடர்ந்து கவனித்த இன்னொரு ஆய்வு 2017-இல் வெளியானது. தெற்காசியாவுக்கு வந்துபோனவர்களில் 75 சதவீதத்தினர் இத்தகைய கிருமியைப் பெற்றார்கள் என்பதுதான் செய்தித்தாள்களில் பேசப்பட்டது. என் பார்வையில் அதைவிட முக்கியமானது, கிருமியைப் பெற்றவர்களில் பாதிப் பேரிடமிருந்து அது சுமார் 30 நாட்களில் மறைந்துவிட்டது, ஓராண்டுக்குப் பின் 11 சதவீதத்தினரிடம் மட்டுமே எஞ்சியிருந்தது என்னும் செய்தி. அதை வெளியேற்றியது அவரவர் குடலின் சொந்தக் கூட்டம்தான். இங்கேயே வாழும் நமக்கு அதே கிருமி மறுபடி மறுபடி வந்து சேரும் என்பதால் அவர்களுடைய கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது; ஆயினும் வழிமுறை ஒன்றுதான்.

சாதாரண நீர்த்த வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கரைசல் போதும். பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு, சிறிய பாக்கெட் 200 மில்லிக்கு. எது என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கும், கண்ணளவில் கலக்காதீர்கள். டெட்ரா பேக்கில் வரும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகா. உலக சுகாதார நிறுவனத்தின் வாய்பாடு என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகளுக்கு இதனுடன் துத்தநாகச் சத்து மருந்தை நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம், ஆறு மாதத்துக்கு உட்பட்டவர்களுக்கு 10 மில்லிகிராம் வீதம், 10 முதல் 14 நாட்கள் கொடுக்கச் சொல்வது வழக்கம். மலத்தில் ரத்தம், கடுங்காய்ச்சல், அரிசி கழுவிய நீர் போன்ற மலம், ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் கழிக்காமை, தொடர்ந்த வாந்தி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதம் கூடாது. கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், சிறுநீரக நோயாளி என்றால் இவை வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம்.

ஆன்டிபயாடிக் எடுத்தே ஆக வேண்டியபோது

டைஃபாய்டோ, சிறுநீரகத் தொற்றோ, நிமோனியாவோ வந்த பிறகு நல்ல நுண்ணுயிர்களை எண்ணி மருந்தைத் தவிர்ப்பது ஆபத்தான பேதைமை. அப்போது மருத்துவரிடம் மூன்று கேள்விகளைப் பணிவாகக் கேட்கலாம்: "முதல் டோஸுக்கு முன் கல்ச்சர் எடுத்துவிடலாமா, டாக்டர்? கல்ச்சர் வந்ததும் குறுகிய வீச்சுள்ள, அதாவது சில கிருமிகளை மட்டுமே தாக்கும், மருந்துக்கு மாற முடியுமா? சரியாக எத்தனை நாள்?" அவர் சொன்ன நாட்களுக்கு முன்னால் நிறுத்துவதும் கூடாது, மிச்சமிருக்கிறதே என்று மேலும் இரண்டு நாள் சேர்ப்பதும் கூடாது. டென்மார்க்கில் 12 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு மூன்று வலுவான ஆன்டிபயாடிக்குகளை நான்கே நாள் கொடுத்துப் பார்த்ததில், குடல் கூட்டம் ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் பழைய நிலைக்குத் திரும்பியது. ஆனால் முன்பு எல்லோரிடமும் இருந்த ஒன்பது இனங்கள் 180 நாட்களுக்குப் பிறகும் பெரும்பாலானோரிடம் திரும்பவில்லை. ஆகவே மருந்து முடிந்த பின்வரும் ஆறேழு வாரங்கள் உணவில் அதிகக் கவனம் செலுத்த வேண்டிய காலம்.

மருந்துச் சீட்டில் ஆன்டிபயாடிக்கோடு பான்டோபிரசோல் போன்ற அசிடிட்டி மாத்திரையும் இருந்தால், அது எதற்கு என்று கேளுங்கள். இரைப்பை அமிலம்தான் வாய்வழி வரும் கிருமிகளுக்கு முதல் தடை. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் எதிர்ப்புள்ள கிருமிகளைக் குடலில் சுமக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 75 சதவீதம் கூடுதலாக இருப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரியவந்தது. அல்சருக்காகவோ, ரத்தம் உறையாமலிருக்கும் மருந்துடன் சேர்த்தோ கொடுத்திருந்தால் அதை நீங்களாக நிறுத்தக்கூடாது. வருடக்கணக்கில் காரணம் மறந்து விழுங்கிவருபவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

இனிப் புரோபயாடிக் கேப்ஸ்யூல்கள். இவற்றைப் பற்றி எனக்கு மிதமான மரியாதைதான் உண்டு. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஆன்டிபயாடிக் எடுத்த ஆரோக்கியமானவர்களில் 11 வகைப் பாக்டீரியாக்கள் அடங்கிய புரோபயாடிக் எடுத்துக்கொண்டவர்களின் சொந்தக் கூட்டம், எதுவும் எடுக்காதவர்களுடையதைவிட மெதுவாகவே மீண்டது. விரைவாக மீண்டவர்கள், மருந்துக்கு முன் சேமித்து வைத்த தங்கள் மலத்தையே குடலுக்குள் திரும்பப் பெற்றவர்கள். மறுபுறம், ஆன்டிபயாடிக் எடுக்கும் நாட்களில் வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்கச் சக்கரோமைசிஸ் பௌலார்டி என்னும் ஈஸ்ட் பயன்படுவதற்குச் சான்றுகள் உண்டு; அது பாக்டீரியா அன்று என்பதால் ஆன்டிபயாடிக் அதைக் கொல்லாது என்பது கூடுதல் வசதி. வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் பெட்டியில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: இனத்தின் பெயரோடு குறிப்பிட்ட ரகத்தின் எண்ணோ குறியீடோ இருக்க வேண்டும், காலாவதி நாள் வரை உயிரோடிருக்கும் எண்ணிக்கை எவ்வளவு என்று சொல்லியிருக்க வேண்டும், குளிர்ப்பதனம் தேவை என்றால் கடையிலேயே ஃப்ரிட்ஜில் இருந்திருக்க வேண்டும். மே மாதத்துத் தில்லி வெயிலில் மேசை மேல் அடுக்கி வைத்திருந்த பெட்டியை வாங்கி என்ன பயன்? லாக்டோபேசிலஸ் குடும்பத்தை 2020-இல் பல பேரினங்களாகப் பிரித்துவிட்டதால் பழைய சரக்கே லாக்டிகேசிபேசிலஸ் என்ற புதுப் பெயரில் வரலாம். அதைப் புதிய கண்டுபிடிப்பு என்று நம்பிக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

ரகம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒடிசா ஆய்வு நல்ல சான்று. கிராமங்களில் பிறந்த 4,556 குழந்தைகளிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், லாக்டோபேசிலஸ் பிளான்டாரம் இனத்தின் ஒரு குறிப்பிட்ட ரகத்தை அதற்கு உணவாகும் நார்ப்பொருளுடன் சேர்த்து ஏழு நாட்கள் கொடுத்ததில், ரத்தத்தொற்றும் இறப்பும் சேர்ந்த விகிதம் 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்தது. அதே இனப்பெயர் கொண்ட வேறொரு கேப்ஸ்யூலுக்கு இந்தப் பெருமை சேராது. இதைப் படித்துவிட்டு வீட்டில் பிறந்த குழந்தைக்கு யாரும் தாமாகக் கொடுத்துவிடவும் கூடாது. குறைமாதக் குழந்தைகளுக்குப் புரோபயாடிக் கொடுப்பது உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2023-இல் எச்சரித்தது. கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், கழுத்து ரத்த நாளத்தில் குழாய் வைத்து ஐ.சி.யூ.வில் இருப்பவர்கள் ஆகியோருக்கும் மருத்துவர் சொல்லாமல் இவை ஆகா. பச்சிளங்குழந்தைக்குத் தாய்ப்பாலைவிடச் சிறந்தது கிடையாது: அதிலுள்ள சிறப்புச் சர்க்கரைகள் பிஃபிடோபாக்டீரியா என்னும் நல்ல நுண்ணுயிரை வளர்க்கின்றன, அது மிகுந்த குழந்தைகளின் குடலில் எதிர்ப்பு மரபணுக்கள் குறைவாக இருக்கின்றன.

சாப்பாட்டுத் தட்டில் செய்ய வேண்டியது

பெரியவர்கள் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வெள்ளைச் சோறும் சாம்பாரும் தயிர் சாதமும் மட்டுமே உண்டால் அதில் பாதியைக்கூட எட்டுவது கடினம். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாழைக்காய், வாழைத்தண்டு, வாழைப்பூ, முருங்கைக்காய், சின்ன வெங்காயம் எல்லாம் கிடைக்கின்றன. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குத் தெருவில் வரும் சப்ஜிவாலாவிடமே கொத்தவரங்காயும் அவரையும் பீன்ஸும் உண்டு. வடநாட்டு ராஜ்மாவும் காபூலிச் சனாவும் நம் கொள்ளு, தட்டைப்பயறு, கறுப்புக் கொண்டைக்கடலைக்கு எந்த வகையிலும் குறைந்தவை அல்ல. வெங்காயமும் பூண்டும் இனுலின் வகை நாரால், வாழைக்காயும் ஆறிய சோறும் செரிக்காத மாவுச்சத்தால், பருப்பு வகைகள் வேறு சில சர்க்கரைத் தொடர்களால் வெவ்வேறு நுண்ணுயிர்களுக்கு உணவாவதால், ஒரே காயைத் தினமும் உண்பதைவிட வாரம் முழுவதும் மாற்றி மாற்றி உண்பதே சிறந்தது. இதுவரை நார் குறைவாக உண்டவர்கள் ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள்.

செரிக்காத மாவுச்சத்தைப் பற்றி நமக்குப் பெருமை தரும் ஒரு செய்தி உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் பி.எஸ். ராமகிருஷ்ணா தலைமையிலான குழு, காலரா நோயாளிகள் 48 பேருக்கு ஓ.ஆர்.எஸ். கொடுக்கும்போது ஒரு பிரிவினருக்கு மட்டும் அதனுடன் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்தை லிட்டருக்கு 50 கிராம் வீதம் சேர்த்துக் கொடுத்தது. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதைச் சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்ற, அந்த அமிலங்களோடு உப்பும் நீரும் உடலுக்குள் உறிஞ்சப்பட்டன. சாதாரணக் கரைசல் குடித்தவர்களுக்குச் சராசரியாக 91 மணி நேரம் நீடித்த வயிற்றுப்போக்கு, இவர்களுக்கு 57 மணி நேரத்தில் நின்றது. 2000-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு இது. டாக்காவிலும் நாட்பட்ட வயிற்றுப்போக்குள்ள குழந்தைகளுக்கு வேகவைத்த பச்சை வாழைக்காயைக் கொடுத்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். வயிற்றுப்போக்கு தணிந்துவரும் நாளில் வாழைக்காயைத் தோல் சீவி வேகவைத்து, உப்பும் சீரகமும் சேர்த்து மசித்து, குழைந்த சோற்றோடு கொடுப்பது வீட்டில் எளிதாகச் செய்யக்கூடியது.

பழைய சோறு இன்று புகழின் உச்சியில் இருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலேயே அதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் தஞ்சாவூர்க் கணக்கைத் தில்லிக்கு அப்படியே கொண்டுவர முடியாது. ஜூன் மாதத்தில் இரவிலும் வெப்பம் 30 டிகிரிக்குக் குறையாத சமையலறையில், சோறு பல மணி நேரம் வெறுமனே கிடந்தால் பேசிலஸ் சீரியஸ் என்னும் நச்சுக் கிருமி பெருகும். வடித்த சோற்றை அகலமான தட்டில் பரப்பி விரைவாக ஆறவிட்டு, காய்ச்சி ஆறிய நீரை ஊற்றி மூடி, கோடையில் எட்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காமல் உண்டுவிடுங்கள் அல்லது ஃப்ரிட்ஜில் வையுங்கள். இனிய புளிப்பு மணம் வந்தால் சரி. வழவழப்போ துர்நாற்றமோ இருந்தால் கொட்டிவிடுங்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இது வேண்டாம்.

இட்லியும் தோசையும் புரோபயாடிக் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மாவைப் பொங்க வைக்கும் லியூகோனோஸ்டாக் முதலிய பாக்டீரியாக்கள் இட்லிப்பானையின் ஆவியில் இறந்துவிடுகின்றன. நொதித்ததால் செரிமானம் எளிதாகிறது, சத்து கூடுகிறது. அதோடு அதன் கணக்கு முடிந்தது. உயிருள்ள நுண்ணுயிர் வேண்டுமென்றால் கொதிக்க வைக்காத தயிரும் மோரும்தான். மோர்க்குழம்பாக்கினால் அதுவும் போயிற்று. ஸ்டான்ஃபோர்டில் 36 பேரைப் பத்து வாரம் கவனித்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், நொதித்த உணவுகளை நிறைய உண்டவர்களின் குடல் கூட்டத்தில் வகைகள் பெருகின, உடலில் அழற்சிக்கான குறியீடுகள் குறைந்தன. தயிரிலுள்ள பாக்டீரியாக்கள் குடலில் நிரந்தரமாகத் தங்குவதில்லை என்பதால், என்றோ ஒருநாள் பெரிய கிண்ணம் உண்பதைவிட அன்றாடம் ஒரு கரண்டி உண்பதே பயன் தரும்.

ஜனவரித் தில்லியில் வீட்டுத் தயிர் உறைவதில்லை என்று மதர் டெய்ரி பாக்கெட்டுக்கு மாறிவிட்டவர்களுக்கு ஒரு முறை சொல்கிறேன். பாலை நன்றாகக் காய்ச்சி, விரலை விட்டால் பத்து எண்ணும் வரை சூடு பொறுக்கும் நிலைக்கு, அதாவது 40 முதல் 43 டிகிரி வரை, ஆற விடுங்கள். கோடையில் அரை லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி உறை போதும். குளிரில் ஒரு மேசைக்கரண்டி வேண்டும். உறைத் தயிரை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றாமல், கொஞ்சம் வெதுவெதுப்பான பாலில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு பிறகு சேர்த்துக் கலக்குங்கள். எவர்சில்வர் பாத்திரத்தை மூடி, முன்பே வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி வடித்த ஹாட்பேக்குக்குள் வைத்து, ஹாட்பேக்கைப் பழைய ரஜாயில் சுற்றி வைத்தால் எட்டிலிருந்து பத்து மணி நேரத்தில் வெட்டி எடுக்கலாம் போல உறைந்திருக்கும். இடையில் திறந்து ஆட்டிப் பார்ப்பவர்கள் வீட்டில் தயிர் நீர்த்துத்தான் போகும். இதே பருவத்தில் பஞ்சாபி அண்டை வீட்டார் கறுப்புக் கேரட்டும் கடுகுப்பொடியும் உப்பும் நீரில் போட்டு வெயிலில் வைத்துச் செய்யும் காஞ்சியையும் கேட்டு வாங்கிக் குடிக்கலாம். அது உண்மையிலேயே உயிருள்ள நொதி பானம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மட்டும் உப்பைக் கருதி அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நல்லவற்றை வளர்க்கும்போதே புதிய கெட்டவற்றை வரவிடாமலும் இருக்க வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வந்த நீரைக் கழுவாத குடத்தில் பிடித்து, கையை விட்டு மொண்டால் இயந்திரத்தால் ஒரு பயனும் இல்லை. கழிப்பறைக்குப் பின்னும், பச்சைக் கோழி இறைச்சியைத் தொட்ட பின்னும், சமைப்பதற்கு முன்னும் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். மழைக்காலத்தில் தெருவோரத்தில் வெட்டி வைத்த பழத்தையும் பச்சைச் சட்னியையும் விட்டுவிடுங்கள்.

மருத்துவமனையில் மட்டும் நடக்க வேண்டியவை

ஆரோக்கியமான ஒருவரின் மலத்திலுள்ள முழுக் கூட்டத்தையும் நோயாளியின் குடலுக்குள் செலுத்தும் சிகிச்சை புதியதன்று. 1958-இலேயே அமெரிக்காவின் டென்வரில் பென் ஐஸ்மன் என்னும் அறுவை மருத்துவர் நால்வருக்குச் செய்திருக்கிறார். ஆம்ஸ்டர்டாமில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், திரும்பத் திரும்ப வந்த டிஃபிசில் தொற்றால் அவதிப்பட்ட 16 பேரில் 13 பேர் ஒரே முறையில் குணமடைந்தார்கள். வான்கோமைசின் மட்டும் எடுத்த 13 பேரில் நால்வரே குணமடைந்தார்கள். அமெரிக்காவில் 2022-இலும் 2023-இலும் இத்தகைய இரண்டு தயாரிப்புகளுக்கு, இரண்டாவது கேப்ஸ்யூல் வடிவில், அனுமதி கிடைத்தது. இவை டிஃபிசில் தொற்று மீண்டும் வராமலிருக்க மட்டுமே. ஈ.எஸ்.பி.எல்., கார்பாபெனம் எதிர்ப்புக் கிருமிகளை வெளியேற்ற இதைப் பயன்படுத்திய ஐரோப்பிய ஆய்வொன்றில், சிகிச்சை பெற்றவர்களில் 41 சதவீதத்தினரிடமும் பெறாதவர்களில் 29 சதவீதத்தினரிடமும் கிருமி மறைந்திருந்தது. 39 பேரே பங்கேற்ற அந்த ஆய்வில் இந்த வேறுபாட்டை உறுதியானதாகக் கொள்ள முடியவில்லை. இந்தியாவில் லூதியானாவின் தயானந்த் மருத்துவக் கல்லூரி பெருங்குடல் புண் நோய்க்கு இச்சிகிச்சையை ஆராய்ந்திருக்கிறது.

இணையத்தில் காணும் வீடியோக்களைப் பார்த்து இதை வீட்டில் செய்யத் துணிபவர்கள் 2019-ஐ அறிய வேண்டும். அமெரிக்காவில் ஒரே கொடையாளியின் மலத்தைப் பெற்ற, எதிர்ப்புச் சக்தி குறைந்த இருவருக்கு அதிலிருந்த ஈ.எஸ்.பி.எல். ஈ. கோலையால் கடும் தொற்று ஏற்பட்டு, ஒருவர் இறந்துபோனார். அந்த மலம் எதிர்ப்புக் கிருமிகளுக்காகப் பரிசோதிக்கப்படவில்லை. தில்லியில் வாழும் ஒருவருடைய மலத்தில் அக்கிருமி இல்லையென்று பரிசோதனையின்றி யாராலும் சொல்ல முடியாது.

கிருமியைச் சுமப்பவர் என்று தெரிந்தவர் மருத்துவமனையில் சேர நேரும்போது, பழைய கல்ச்சர் அறிக்கையின் நகலைக் கோப்பின் முதல் பக்கத்திலேயே வைத்து, சேர்க்கும்போதே மருத்துவரிடமும் செவிலியரிடமும் சொல்லிவிடுங்கள். அவசர நிலையில் எந்த மருந்து வேலை செய்யாது என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரிவது உயிரைக் காக்கலாம். தனி அறையோ கையுறையோ கேட்டால் அது பக்கத்துப் படுக்கையிலுள்ள பலவீனமானவரின் நன்மைக்காக. வீட்டில் அத்தகைய ஒதுக்கல் தேவையில்லை. பேரப்பிள்ளைகளைத் தூக்கலாம், ஒரே சமையலை உண்ணலாம், கழிப்பறைக்குப் பின் கைகழுவினால் போதும். கிருமி போய்விட்டதா என்று மாதந்தோறும் மல மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்புவது வீண் செலவு: எண்ணிக்கை மிகக் குறைந்திருக்கும்போது கல்ச்சரில் அது தென்படாது, அடுத்த ஆன்டிபயாடிக்குக்குப் பின் மறுபடி தென்படலாம். மருத்துவமனை கேட்கும்போது மட்டும் கொடுத்தால் போதும்.